ஜாகுவார் ஏன் விலை கூடிய காராக மாறுகிறது? – ஓர் எளிய விளக்கம்

கோவையில் கார்களைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஹாரனும் மீட்டரும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர் இது. கணபதியிலும் குறிச்சியிலும் உள்ள பட்டறைகளில், எந்தக் கம்பெனியின் எந்த வண்டிக்குப் போகிறது என்று தெரியாமலேயே நாள் முழுவதும் பாகங்களைக் கடைந்துகொண்டிருப்பவர்கள் ஏராளம்; செட்டிபாளையத்தில் பந்தயத் தடமே இருக்கிறது. அதனால், ஜாகுவார் என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனி தன் பழைய மாடல்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையில் மின்சாரக் கார்களை மட்டும் விற்கப் போகிறது என்ற செய்தி இங்கே டீக்கடை முதல் கல்யாண மண்டபம் வரை பேசப்பட்டதில் வியப்பில்லை. அந்தக் கம்பெனி 2008 முதல் டாடா மோட்டார்ஸின் கையில் இருப்பதும் ஒரு காரணம்.

ஆனால் அந்தப் பேச்சுகளில் மூன்று கருத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. டாடா வாங்கியதால் ஜாகுவார் கெட்டுவிட்டது என்பது ஒன்று. ஒரே ஒரு விளம்பரத்தால் நூறு ஆண்டுக் கம்பெனி அழிந்துவிட்டது என்பது இரண்டாவது. விலையை ஏற்றினால் லாபம் கூடும் என்று பேராசைப்பட்டுவிட்டார்கள் என்பது மூன்றாவது. மூன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனாலும் மூன்றுமே தவறு. பம்புகளுக்கும் வார்ப்படப் பாகங்களுக்கும் விலைக் கணக்குப் போடும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இந்த விஷயத்தை அடியிலிருந்து விளக்க விரும்புகிறேன். கார்களைப் பற்றி எதுவும் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம்.

விலையை ஏற்றுவதும் படி மாறுவதும்

ஈரோடு ஜவுளிச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் வாரச் சந்தைக்குக் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். அங்கே ஒருவர் 200 ரூபாய்ச் சட்டையைக் கட்டுக் கட்டாக விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூல் விலை ஏறியது, அதனால் சட்டையை 220 ரூபாய்க்கு விற்றார் என்றால், அது விலையேற்றம். வருகிற ஆட்கள் அதே ஆட்கள்தான். சிலர் முணுமுணுப்பார்கள், சிலர் பக்கத்துக் கடைக்குப் போவார்கள், பெரும்பாலோர் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அதே மனிதர், இனி 2,000 ரூபாய்ச் சட்டை மட்டுமே விற்பது என்று முடிவு செய்தால் என்ன நடக்கும்? துணி மாற வேண்டும், தையல் மாற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதோடு முடியாது. சந்தைக் கூரையின் கீழ் அந்தச் சட்டை விலை போகாது. கண்ணாடி வைத்த கடையும், போட்டுப் பார்க்கும் அறையும், சிறு குறைக்குக்கூடத் திருப்பி எடுத்துக்கொள்ளும் மனமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டுக் கட்டாக வாங்கிப் போன கோழிக்கோட்டு வியாபாரி இனி வரமாட்டார். புதிதாக வர வேண்டியவர் கோவை அவிநாசி சாலையில் காரை நிறுத்திவிட்டு இறங்குகிற ஒருவர். அவருக்கு இந்தக் கடையின் பெயரே தெரியாது. தெரிந்தாலும், சந்தையில் 200 ரூபாய்க்கு விற்ற பெயர் என்றுதான் தெரிந்திருக்கும்.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் 'படி மாறுதல்' என்று சொல்லப் போகிறேன். ஒரு கம்பெனி தன் பொருளை மட்டும் அல்லாமல், தன் வாடிக்கையாளரையே மாற்றிக்கொள்வது படி மாறுதல். விலை என்பது அந்த மாற்றத்தில் வெளியே தெரிகிற நுனி.

கார் தொழிலில் படிகள் ஓரளவு தெளிவாகவே பிரிந்திருக்கின்றன. கீழே பொதுமக்கள் வாங்கும் கார்கள். நம் மாருதியும் ஹூண்டாயும் அங்கே. அதற்கு மேலே 'பிரீமியம்' படி: பி.எம்.டபிள்யூ., பென்ஸ், ஆடி ஆகியவை; நன்றாகச் சம்பாதிக்கும் மருத்துவரும் மில் முதலாளியும் வாங்குவது. அதற்கும் மேலே 'லக்சுரி' படி: பென்ட்லி, ரோல்ஸ் ராய்ஸ் போன்றவை; எத்தனை விற்றோம் என்பதைவிட யாருக்கு விற்றோம் என்பதே அங்கே முக்கியம். ஜாகுவார் இரண்டாம் படியில் இருந்து, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே உள்ள இடத்துக்கு ஏற முயல்கிறது. புதிய காரின் விலை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும் என்பது கம்பெனியே சொல்லியிருப்பது.

டை பட்டறையின் முதல் கேள்வி

இனி கணக்குக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பம்பு மூடிக்கு டை செய்ய விலை கேட்டு வரச் சொல்லி என்னைக் கணபதியில் உள்ள ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். டை என்பது, உருகிய உலோகத்தை ஊற்றி ஒரே வடிவத்தில் ஆயிரக்கணக்கான பாகங்களை எடுக்க உதவும் எஃகு அச்சு. பட்டறைக்காரர் கையெல்லாம் கிரீஸாக, நான் நீட்டிய வரைபடத்தை முழங்கையால் அமுக்கிப் பிடித்துப் பார்த்தார். எடை, கனம், உலோகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒரு பாகம் என்ன விலைக்கு வரும் என்று கேட்டேன். அவர் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "எத்தனை பீஸுன்னு மொதல்ல சொல்லுங்க தம்பி, அப்புறம் வெலை சொல்றேனுங்க" என்றார். அன்றைக்கு எனக்கு அது மழுப்பலாகத் தோன்றியது. அலுவலகத்துக்குத் திரும்பிக் கணக்கு போட்டுப் பார்த்த பிறகுதான், அவர் கேட்டதைத் தவிர வேறு கேள்வியே இல்லை என்பது விளங்கியது.

டை செய்ய 5 லட்சம் ரூபாய் ஆகிறது என்றால், ஆயிரம் பாகம் எடுத்தாலும் அதே 5 லட்சம், ஒரு லட்சம் பாகம் எடுத்தாலும் அதே 5 லட்சம். ஆயிரத்தில் வகுத்தால் பாகத்துக்கு 500 ரூபாய். ஒரு லட்சத்தில் வகுத்தால் 5 ரூபாய். எத்தனை எடுத்தாலும் மாறாத இந்தச் செலவுக்கு 'நிலைச் செலவு' என்று பெயர். உலோகம், மின்சாரம், பீஸ் ரேட் கூலி போல ஒவ்வொரு பாகத்துக்கும் புதிதாக ஆகிற செலவு 'மாறும் செலவு'. விற்ற விலையில் மாறும் செலவைக் கழித்தால் மிஞ்சுவதை, கடைத்தெருவில் சொல்வது போலவே, மார்ஜின் என்று வைத்துக்கொள்வோம். அந்த மார்ஜின்தான் நிலைச் செலவைத் தாங்க வேண்டும். தாங்கியது போக மிஞ்சினால் லாபம்.

கார் தொழிலில் நிலைச் செலவு மலையளவு. ஒரு காரின் அடித்தளச் சட்டத்தையும் அதோடு சேர்ந்த முக்கிய அமைப்புகளையும் 'பிளாட்ஃபார்ம்' என்பார்கள். ஒரே பிளாட்ஃபார்மின் மேல் வெவ்வேறு உடல்களை ஏற்றிப் பல மாடல்கள் செய்யலாம். அதை வடிவமைத்து, சோதித்து, டைகள் செய்து, உற்பத்தி வரிசையை அமைத்து முடிப்பதற்குள் பல ஆயிரம் கோடி ரூபாய் செலவாகிவிடும், ஒரு கார்கூட விற்காத நிலையில்.

புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மாடலின் நிலைச் செலவு ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாய் என்போம். பெரிய கம்பெனி ஆண்டுக்கு 4 லட்சம் கார் விற்கிறது. ஒரு காரின் தலையில் விழுவது 50,000 ரூபாய். சிறிய கம்பெனி அதே தரத்தில் அதே விலைக்கு 40,000 கார்தான் விற்கிறது. ஒரு காரின் தலையில் விழுவது 5 லட்சம். இருவருக்கும் காருக்கு 4 லட்சம் மார்ஜின் கிடைத்தால், பெரியவர் ஒவ்வொரு காரிலும் மூன்றரை லட்சம் எடுக்கிறார்; சிறியவர் ஒவ்வொரு காரிலும் ஒரு லட்சம் இழக்கிறார். சிறியவரின் கார் இன்னும் அழகாகக்கூட இருக்கலாம். கணக்கு அதைப் பார்ப்பதில்லை.

சிறியவருக்கு இப்போது மூன்று வழிகள். இன்னும் நிறைய விற்கப் பார்ப்பது. மற்றவருடைய பிளாட்ஃபார்மை வாங்கிப் போட்டு நிலைச் செலவைக் குறைப்பது. இல்லையென்றால், குறைவாக விற்றாலும் மார்ஜின் மிகப் பெரிதாக இருக்கும் படிக்கு ஏறுவது. காருக்கு 30 லட்சம் மார்ஜின் கிடைக்கும் படியில் 20,000 கார் விற்றால், தலைக்கு 10 லட்சம் நிலைச் செலவு போக 20 லட்சம் நிற்கும். ஆனால் அங்கே 5,000 கார்தான் விற்றது என்றால் நிலைச் செலவே தலைக்கு 40 லட்சம். ஒவ்வொரு காரிலும் 10 லட்சம் நட்டம். இந்தக் கணக்கில் லாபத்துக்கும் நட்டத்துக்கும் இடையிலான கோடு ஏறக்குறைய 6,700 கார்களில் விழுகிறது. படி ஏறுகிறவர் எண்ணிக்கையை மறந்துவிடலாம் என்று நினைப்பது தவறு. அங்கேயும் பட்டறைக்காரரின் கேள்வி கூடவே வருகிறது.

சுருக்கமாக: படி மாறுதல் என்பது வாடிக்கையாளரை மாற்றிக்கொள்வது. அதற்கான தூண்டுதல், பெரிய நிலைச் செலவைச் சிறிய எண்ணிக்கை தாங்க முடியாமல் போவது.

நடுவில் மாட்டிக்கொண்ட கம்பெனி

ஜாகுவார் மேலே சொன்ன மூன்று வழிகளையும் வரிசையாக முயன்று பார்த்தது என்பதே பலருக்குத் தெரியாத செய்தி.

அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி 1989-ல் ஜாகுவாரை சுமார் 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2001-ல் எக்ஸ்-டைப் என்ற சிறிய ஜாகுவார் வந்தது. ஃபோர்டின் மொண்டியோ காரின் பிளாட்ஃபார்மைத் தழுவிச் செய்யப்பட்டது. நிலைச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் வழி இது. கார் மோசமில்லை, ஆனால் உள்ளே இருப்பது ஃபோர்டு என்ற பேச்சு பரவியது, எதிர்பார்த்த எண்ணிக்கையும் வரவில்லை. கடைசியில் ஃபோர்டு, ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து 2008-ல் 230 கோடி டாலருக்கு டாடாவிடம் கொடுத்துவிட்டது. இரண்டையும் வாங்கத் தான் கொடுத்த தொகையில் பாதிகூட அதற்குத் திரும்பவில்லை.

டாடாவின் காலத்தில், நிறைய விற்கும் வழி முயலப்பட்டது. பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸோடு நேரடியாக மோத 2015-ல் எக்ஸ்.இ. என்ற கார் வந்தது. இந்த முறை இரவல் இல்லாமல், அலுமினியத்தில் புதிதாகச் செய்த சொந்த பிளாட்ஃபார்ம். ஓட்டியவர்கள் பாராட்டினார்கள். 2016-ல் எஃப்-பேஸ் என்ற எஸ்.யு.வி. வந்து நன்றாகவே விற்றது. 2018-ல் வந்த ஐ-பேஸ் என்ற மின்சாரக் கார், அடுத்த ஆண்டு உலகின் சிறந்த கார் என்ற விருதை வாங்கியது. இவ்வளவுக்கும் பிறகு, உச்சத்தில் இருந்த 2018-ல் ஜாகுவார் உலகம் முழுவதும் விற்றது சுமார் 1,80,000 கார்கள். எதிரே நின்ற ஜெர்மன் கம்பெனிகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இருபது லட்சத்தை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தன. பத்துக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தில், அதே படியில் அதே விலைக்குப் போட்டியிட்டு நிலைச் செலவைத் தாங்குவது என்பது கற்பனைக் கணக்கில் வந்த சிறியவரின் நிலைதான். 2023–24 நிதியாண்டில் விற்பனை 67,000 அளவுக்கு இறங்கியிருந்தது. விளம்பரம் வருவதற்கு முன்பே நடந்தது இது.

ஆக, டாடா கெடுத்தது என்ற வாதம் நிற்காது. டாடா கையில் எடுத்தபோதே சிக்கல் இருந்தது. டாடா பணம் போட்டு, நல்ல கார்களைச் செய்து, அந்தச் சிக்கலை எண்ணிக்கையால் வெல்லப் பார்த்துத் தோற்றது. மிஞ்சியிருந்தது மூன்றாவது வழி மட்டும்.

பரம்பரைச் சொத்து என்பது எது?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழம்பெருமை உள்ள கம்பெனி என்பதால் விலையை உயர்த்தும் தகுதி ஜாகுவாருக்கு உண்டு என்று பலரும் சொல்கிறார்கள். அந்தப் பழம்பெருமை எதனால் ஆனது என்று பார்த்தால், கதை வேறு மாதிரி இருக்கிறது.

1922-ல் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் வில்லியம் லயன்ஸ், வில்லியம் வால்ம்ஸ்லி என்ற இரு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் மாட்டும் சைடுகார் செய்யும் பட்டறையைத் தொடங்கினார்கள். பிறகு மற்ற கம்பெனிகளின் சிறிய கார்களுக்கு அழகான உடல் கட்டிக் கொடுத்தார்கள். 1928-ல் கவென்ட்ரிக்கு இடம் பெயர்ந்தார்கள். நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொடக்கம் அந்நியமாகத் தோன்றாது. சேஸிஸ் ஒருவருடையது, கண்ணை இழுக்கும் உடல் இவர்களுடையது.

1935 செப்டம்பரில், ஜாகுவார் என்ற பெயர் தாங்கிய முதல் காரை லண்டனின் மேஃபேர் ஹோட்டலில் டீலர்களுக்குக் காட்டினார் லயன்ஸ். விலையைச் சொல்லாமல், எவ்வளவு இருக்கும் என்று அவர்களையே எழுதித் தரச் சொன்னார். கார் விற்றே பழகியவர்கள் அவர்கள். அவர்கள் எழுதியதன் சராசரி 632 பவுண்டு. உண்மை விலை 385 பவுண்டு.

ஜாகுவாரின் முழு வரலாறும் அந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது என்பது என் கருத்து. 1961-ல் ஜெனீவாவில் காட்டப்பட்ட ஈ-டைப், உலகின் அழகான கார்களில் ஒன்று என்று இன்றும் கொண்டாடப்படுகிறது. அது வந்தபோது விலை ஏறக்குறைய 2,100 பவுண்டு. அதே வேகம் போகும் ஆஸ்டன் மார்ட்டின் கார் ஒன்றின் விலையில் பாதி. 1950-களில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஐந்து முறை வென்ற பெயர் அதன் பின்னால் இருந்தது. பணக்காரருக்கு மட்டும் கிடைத்த அழகையும் வேகத்தையும், நன்றாகச் சம்பாதிக்கும் ஒரு வக்கீல் எட்டிப் பிடிக்கும் விலைக்குக் கொண்டுவந்ததே லயன்ஸின் சாதனை.

ஒரு பெயரைக் கேட்டதும் வாங்குபவர் மனத்தில் எழும் நம்பிக்கைக்கும் மரியாதைக்கும் 'பிராண்டு மதிப்பு' என்று பெயர். அது வங்கியில் போட்ட பணம் போன்றதன்று. எந்தக் காரியத்துக்காகச் சேர்ந்ததோ அந்தக் காரியத்துக்குத்தான் எளிதில் செலவாகும். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை ஒட்டி எண்ணெய் விற்றால் ஒருமுறை வாங்கிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். விலைக்கு மிஞ்சிய அழகு என்று பெயரெடுத்த ஜாகுவார், விலையே கௌரவம் என்ற படிக்கு ஏறும்போது, தன் பழைய சேமிப்பின் ஒரு பகுதி அங்கே செல்லாது என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஏற வேண்டும். இந்த முயற்சியில் நான் காணும் மிகப் பெரிய இடர் இதுவே. ஆனால் அதிகம் பேசப்படாததும் இதுவே.

பெயர் தடையாக நிற்கும் என்பதற்கு டாடாவின் வீட்டிலேயே எதிர்த்திசைச் சான்று உண்டு. ஜாகுவாரை வாங்கிய அதே 2008-ன் ஜனவரியில்தான் ஒரு லட்சம் ரூபாய்க் காராக நானோ காட்டப்பட்டது. பொறியியலில் அது துணிச்சலான கார். ஆனால் நாட்டிலேயே மலிவான கார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால், முதல் கார் வாங்கும் குடும்பம் அதை வாசலில் நிறுத்தத் தயங்கியது. அப்படி விளம்பரப்படுத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

விளம்பரத்தால் விழுந்ததா?

கால வரிசையைப் பார்த்தாலே இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஜாகுவார் முழுவதும் மின்சாரத்துக்கு மாறி, மேல் படிக்கு ஏறும் என்ற அறிவிப்பு 2021 பிப்ரவரியில் வந்தது. அப்போதே, ஏறக்குறைய முடியும் நிலையில் இருந்த மின்சார எக்ஸ்.ஜே. காரைக் கைவிட்டார்கள். பழைய மாடல்கள் 2024 முதல் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன.

சர்ச்சைக்குரிய அந்த அரை நிமிட விளம்பரப் படம் 2024 நவம்பரில் வெளியானது. பளிச்சென்ற நிறங்களில் உடை அணிந்த மாடல்கள் வருகிறார்கள். புதிய எழுத்து வடிவில் பெயர் வருகிறது. கார் மட்டும் வரவில்லை. நீங்கள் கார் விற்கிறீர்களா என்று எலான் மஸ்க்கே கேட்டார். இரண்டு வாரம் கழித்து மியாமியில் டைப் 00 என்ற மாதிரிக் கார் காட்டப்பட்டது: நீண்ட முன்பக்கம், பின் கண்ணாடியே இல்லாத உடல், ஒன்று இளஞ்சிவப்பிலும் மற்றொன்று நீலத்திலும்.

பிறகு 2025 ஏப்ரலில் ஐரோப்பாவில் விற்ற ஜாகுவார்கள் 49 மட்டுமே என்றும், முந்தைய ஆண்டு அதே மாதம் 1,961 என்றும் புள்ளிவிவரம் வந்தது. 97 விழுக்காடு சரிவு என்று தலைப்பிட்டு, விளம்பரத்தின் விளைவு என்று எழுதினார்கள். பெரும்பாலான மாடல்களின் உற்பத்தியே நின்றுவிட்ட பிறகு கார் எப்படி விற்கும்? அவிநாசி சாலையில் ஒரு கடை புதுப்பிப்பதற்காகக் கதவை இழுத்து மூடியிருக்கிறது. இந்த மாதம் வியாபாரமே இல்லை, பெயர்ப்பலகை சரியில்லாததால்தான் என்று சொல்வதற்கு ஒப்பானது அது. அந்தப் படம் எனக்கும் பிடிக்கவில்லை. பழைய வாடிக்கையாளர்களைத் தேவையில்லாமல் புண்படுத்தியது என்றே நினைக்கிறேன். ஆனால் விருப்பமின்மை வேறு, காரணம் வேறு.

ஏறியவர்களும் சறுக்கியவர்களும்

படி மாறுவது முடியாத காரியமன்று. ஆடி 1980-ல் நான்கு சக்கரங்களும் இழுக்கும் குவாட்ரோ காரைக் கொண்டுவந்ததிலிருந்து, பென்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும் பெயரைப் பெறுவதற்குள் ஏறக்குறைய ஒரு தலைமுறை கடந்தது. அதுவரை கீழ்ப் படியில் விற்றுக்கொண்டேதான் ஏறியது. டொயோட்டா வேறு வழியில் போனது. தன் பெயர் மேல் படிக்கு ஒத்துவராது என்று புரிந்துகொண்டு 1989-ல் லெக்சஸ் என்ற புதிய பெயரையும் தனி ஷோரூம்களையும் உருவாக்கியது. ஃபோக்ஸ்வாகன் 2002-ல் தன் சொந்தப் பெயரிலேயே ஃபைட்டன் என்ற உயர்தரக் காரைச் செய்து, டிரெஸ்டனில் கண்ணாடிச் சுவர் வைத்த தொழிற்சாலையையே கட்டியது. கார் அருமையானது, மக்கள் கார் என்று பொருள்படும் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு அந்த விலை கொடுக்க ஆள் வரவில்லை.

நம் நாட்டிலும் இது நடந்தது. மாருதி 2011-ல் 16 லட்சத்துக்கு மேல் விலை வைத்துக் கிசாஷி என்ற காரை வழக்கமான ஷோரூமிலேயே விற்கப் பார்த்தது. ஆல்டோ வாங்க வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாங்க யாரும் விரும்பவில்லை. 2015-ல் நெக்ஸா என்று தனிக் கடை திறந்த பிறகுதான் சற்று மேலே ஏற முடிந்தது. ஈரோட்டுச் சட்டைக்காரருக்கு வேறு கடை தேவைப்பட்டதே, அதே காரணம்தான்.

ஆனால் ஜாகுவாரை நடத்துகிறவர்களின் கண்முன் நிற்கும் உதாரணம் இவை எதுவும் அல்ல; சொந்த வீட்டில் இருக்கும், லேண்ட் ரோவரின் ரேஞ்ச் ரோவர். 1970-ல் அது வந்தபோது, சேற்றில் ஓட்டிவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடிய பண்ணை வண்டி. இன்று இந்தியாவில் அதன் விலை 2 கோடி ரூபாயைத் தாண்டுகிறது, வாங்கவும் ஆள் இருக்கிறது. அந்த ஏற்றத்துக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஒருநாள்கூடக் கடையை மூடாமல், ஒவ்வொரு படியாக ஏறினார்கள். ஜாகுவார் அதையே ஓரிரு ஆண்டுகளில், கடையை மூடிவிட்டுச் செய்யப் பார்க்கிறது. பழைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் திரும்ப வரமாட்டார்கள் என்பதையும் கம்பெனி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

இடைவெளி

பழைய வாடிக்கையாளர் போய்விட்டார். புதியவர் இன்னும் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள காலமே படி மாறுதலில் ஆபத்தான காலம். வருமானம் இல்லை; நிலைச் செலவு ஓடிக்கொண்டேயிருக்கிறது. டீலரின் வாடகையும் சம்பளமும் நிற்பதில்லை. தனியாக நின்றிருந்தால் ஜாகுவார் இந்த இடைவெளியைத் தாண்டியிருக்காது. லேண்ட் ரோவரின் ரேஞ்ச் ரோவர், டிஃபெண்டர் கார்கள் ஈட்டித் தரும் பணத்தில்தான் அது நிற்கிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒரு தம்பி கடை மாற்றும்போது மற்ற தம்பிகளின் தோட்டத்து வருமானம் தாங்குவது போல.

இதோடு மின்சாரமும் சேர்கிறது. மேல் படியில் மின்சாரக் காருக்கான தேவை 2021-ல் எல்லோரும் நினைத்த அளவு வளரவில்லை. போர்ஷேயும் பென்ட்லியும் தங்கள் மின்சாரத் திட்டங்களைத் தள்ளிப்போட்டிருக்கின்றன. எஞ்சினின் உறுமலுக்காகவே பணம் கொடுத்துப் பழகியவர்கள், ஓசையில்லாத காருக்கு அதே தொகையைக் கொடுப்பார்களா என்பது இன்னும் தீராத கேள்வி. 2025 நவம்பரில் ஜே.எல்.ஆர். எனப்படும் ஜாகுவார் லேண்ட் ரோவரின் தலைமைப் பொறுப்பை ஏற்ற பி.பி. பாலாஜி, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், டாடா மோட்டார்ஸின் நிதிப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவர். இந்த நேரத்தில் கணக்குத் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பது நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா மோட்டார்ஸின் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது, ஜே.எல்.ஆர். கார்களும் அங்கே செய்யப்படும் என்பது திட்டம். அந்தக் குழுமத்தின் பணம் எந்த மாடலில் சிக்கிக்கொள்கிறது, எதில் திரும்புகிறது என்பது, பாகங்கள் செய்து வாழும் நம் பட்டறைகளுக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தி அன்று.

எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

புதிய கார் சந்தைக்கு வரும்போது முதல் ஆறு மாதத்துக்கான புக்கிங் எண்ணிக்கையைப் பெரிதாகப் போடுவார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். உலகம் முழுவதும் புதுமைக்காக வாங்குகிறவர்கள் சில ஆயிரம் பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் முதல் ஆண்டிலேயே வாங்கி முடித்துவிடுவார்கள். இரண்டாம் ஆண்டில், தள்ளுபடி கொடுக்காமல் எத்தனை விற்கிறது என்பதே பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்கான விடை.

அதைவிட நம்பகமான அளவுகோல் பழைய கார்ச் சந்தை. வாங்கிய காரை மூன்றாண்டு கழித்து விற்றால் கிடைக்கும் தொகை 'மறுவிற்பனை விலை'. காங்கேயம் காளைக்குச் சந்தையில் வைக்கப்படும் விலை போல, யார் பேச்சுக்கும் மயங்காமல் பலர் கைமாறி நிலைபெறும் விலை அது. மேலை நாடுகளில் மேல் படிக் கார்களைப் பெரும்பாலும் மாதத் தவணைக் குத்தகையில்தான் எடுக்கிறார்கள். மறுவிற்பனை விலை விழுந்தால் தவணை ஏறும், தவணை ஏறினால் அடுத்த ஆள் வரமாட்டார். ஐ-பேஸ் விருதுகளை வாங்கிய பிறகும் சறுக்கியது இந்த இடத்தில்தான். புதிய ஜாகுவார் ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்கிறதா என்பதைக் காட்டிலும், மூன்றாண்டு ஓடிய அதே காருக்கு முன்பின் தெரியாத ஒருவர் எவ்வளவு கொடுக்க முன்வருகிறார் என்பதைக் கவனியுங்கள்.